கொளஞ்சியப்பன் காலில் போட்ட கோடு

ஒன்றியச் செயலாளர் கொளஞ்சியப்பனின் வலது காலில் பட்ட காயத்துக்கு இரண்டு வரலாறுகள் இருந்தன. மேடைக்கான வரலாற்றின்படி அது போலீஸ் லத்தி. வீட்டுக்கான வரலாற்றின்படி அது கோடாலி. அதுவும் சொந்தக் கோடாலி.

எண்பத்தேழு செப்டம்பரில், இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டு அவருடைய சாதிச் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. வட மாவட்டங்களில் சாலையோரம் நின்ற மரங்கள் சாலைக்குக் குறுக்கே படுத்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் இருக்கும் வேலமரத்துப்பட்டின் பங்குக்கு வந்தது ஒரு புளியமரம். தொண்டர்கள் முக்கால்வாசி வெட்டி முடித்த பிறகு, கடைசி வெட்டைச் செயலாளர் போடுவதாக ஏற்பாடு. கடைத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவது மாதிரி. கொளஞ்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டத்துக்குத் தன் முகம் தெரியும்படி திரும்பி நின்றுகொண்டார். "இது மரத்துக்கு வுழற வெட்டு இல்ல, ஆதிக்கத்துக்கு வுழற வெட்டு!" என்று சொல்லிக் கோடாலியை ஓங்கினார்.

ஆதிக்கத்துக்கு விழவில்லை. மரத்துக்கும் விழவில்லை. பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

எல்லோரும் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மரத்தைப் பிடித்து இழுக்க ஆளில்லை. அது தன் இஷ்டத்துக்குச் சாய்ந்து, மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஊரில் கரண்ட் போயிற்று. ரத்தம் சொட்டச் சொட்ட நின்ற கொளஞ்சியப்பன், "மின்சார மறியலும் இத்தோட ஆரம்பம்" என்று அறிவித்தார். அப்படி ஓர் உத்தரவு மேலிடத்திலிருந்து வந்திருக்கவில்லை.

கோடாலி விழுந்ததைப் பார்த்தவர்கள் ஏராளம். மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து விசாரித்தபோது அத்தனை பேரும் பார்த்தது லத்தியைத்தான். ஊர்ப்பற்று என்றால் அதுதான். அந்த வாரம் வேலமரத்துப்பட்டுக்கு ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை என்பதோ, வந்திருக்கவே முடியாதபடி மரம் கிடந்தது என்பதோ யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தியது டாக்டர் எழில்மதிக்கு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, திருக்கோவிலூர்க்காரர். பேச்சில் மிச்சம் வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"லத்தியிலயா அடிச்சாங்க?"

"ஆமாங்க டாக்டர். சரமாரியா."

"லத்திக்குச் சாணை புடிச்சிருந்தாங்களா?"

கொளஞ்சியப்பன் ஓட்டுக் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி பெரியநாயகி காயத்துக்குள் விரலை நீட்டிக் காட்டினாள். "புளியஞ் செதிலு கூட உள்ள கீது பாருங்க டாக்டர். இப்பல்லாம் போலீசு புளியமரத்துலதான் லத்தி செய்யறாங்க போல."

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகிற இரண்டு ஏக்கரை நடத்துவது பெரியநாயகிதான். கொளஞ்சியப்பன் சமுதாயத்தை நடத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு வயலுக்குப் போக நேரமில்லை.

டாக்டர் காயத்தைக் கழுவி, தைத்து, பென்சிலின் போட்டார். கால் அடங்கவில்லை. தையலைப் பிரித்துச் சீழை வடித்தார். மறுநாள் மறுபடியும் நிரம்பி நின்றது. வேறு ஊசிக்கு மாறினார். பாதம் பூசணிக்காயானது. சிவப்பு கணுக்காலைத் தாண்டிக் கெண்டைக்காலில் ஏறத் தொடங்கியது. அப்போதுதான் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது.

"இதுக்கு முன்ன மாத்திரை கீத்திரை சாப்புட்ற பழக்கம் உண்டா?"

பதிலைச் சங்கப் பொருளாளர் வீரமணி பெருமையோடு சொன்னார். "மேடை மாத்திரைங்க."

"அது இன்னா மேடை மாத்திரை?"

பாதி சிவப்பு, பாதி கறுப்பு ஆன்டிபயாடிக் கேப்சூல். பேச்சாளர்களுக்குத் தொண்டை கெடாமல் இருக்க, பொதுக்கூட்டத்தன்று மெடிக்கலில் ஓர் அட்டை வாங்கி மேடையிலேயே பங்கிடுவது சங்கத்தின் வழக்கம். செயலாளருக்கு இரண்டு. பொருளாளருக்கு ஒன்று. வரவேற்புரைக்கு ஒன்று. நன்றியுரை சொல்கிறவனுக்குப் பாதி. கேப்சூலைப் பிரித்துப் பொடியை உள்ளங்கையில் கொட்டிக் கொடுப்பார்கள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"சங்கம் ஆரம்பிச்சதுல இருந்துங்க. பங்கீட்டுல இதுவரைக்கும் ஒரு புகார் கெடையாது."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேலையில பங்கு கேளுங்க, காலேஜுல பங்கு கேளுங்க. நியாயம். வேணும்னா நானும் வந்து ரோட்ல ஒக்கார்றேன். மாத்திரையில பங்கு போடாதிங்க சாமி! நோவு வந்தவனுக்கு முழுசாக் குடுத்தா கிருமி சாவும். நோவே இல்லாத நாலு பேருக்குப் பிச்சிப் பிச்சிக் குடுத்தா, நாலு பேர் ஒடம்புல கீற கிருமியும் அதத் தின்னு பழகிக்கும். இப்ப ஒங்க கால்ல கீறது சங்கத்துச் செலவுல டிரெயினிங் எடுத்த கிருமி."

"அப்ப சாதாரணக் கிருமி இல்லன்றீங்க" என்றார் கொளஞ்சியப்பன். குரலில் லேசான பெருமிதம் இருந்தது.

டாக்டர் பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். சிவப்பு எந்த இடத்தில் முடிகிறதோ அந்த விளிம்பை ஒட்டிக் கெண்டைக்காலைச் சுற்றி ஊதா மையில் ஒரு கோடு இழுத்தார். கோடு ஒரு மச்சத்துக்குக் கீழே போயிற்று.

"இதான் எல்ல. செவப்பு இதத் தாண்டி மேல ஏறிச்சின்னா அன்னிக்கே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போயாவணும். லேட்டாச்சின்னா முழங்காலுக்குக் கீழ கால் இருக்காது. காலோட போனாலும் பரவால்ல, விஷம் ரத்தத்துல ஏறிச்சின்னா ஆளே இருக்க மாட்டீங்க. நான் தமாசு பண்ணல."

பாண்டிச்சேரிக்குப் போக வேண்டுமானால் வண்டி வர வேண்டும். வண்டி வர வேண்டுமானால் புளியமரத்தை எடுக்க வேண்டும். ஒன்றியத்திலேயே மறியலை முதலில் கைவிட்ட ஊர் என்ற பெயர் வேலமரத்துப்பட்டுக்கு வந்து சேரும். போதாக்குறைக்கு முதல் நாளே கொளஞ்சியப்பன், "என் பொணத்து மேலதான் இந்த மரத்த எடுக்கணும்" என்று மைக் இல்லாமலே முழங்கியிருந்தார்.

"அதுக்குத்தான் வழி பண்ணிக்கினு கீற" என்றாள் பெரியநாயகி.

அன்று மத்தியானம் மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து புளியமரத்தின் முன்னால் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் பேராசிரியர் நாராயணசாமி. சென்னையில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஊசிக்கு அடங்காத கிருமிகளைக் கொல்லும் மூலிகையைத் தேடிக் கரியாலூர்ப் பக்கம் ஒரு மாதம் காட்டில் சுற்றிவிட்டு, மூட்டை மூட்டையாகச் செடிகளோடு திரும்பிக்கொண்டிருந்தார். வானொலியில் பேசுகிற தமிழைத்தான் அவர் சாப்பாடு கேட்கவும் பயன்படுத்துவார்.

"அன்பர்களே, நான் மனித குலத்தின் நன்மைக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன். வழிவிடுங்கள்."

"மனுச குலமும் மறியல் முடிஞ்சிதாங்க போவணும்" என்றார் வீரமணி.

சேதி கேட்டு டாக்டர் எழில்மதி ஓடிவந்தார். ஊசிக்கு அடங்காத கிருமியைத் தேடுகிற ஒருவரையும், அதை வைத்திருக்கிற ஒருவரையும் கடவுளே ஒரே மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்போது பிரித்து வைக்க அவருக்கு மனமில்லை. பேராசிரியர் மகிழ்ந்துபோனார். கொளஞ்சியப்பன் வீட்டுக்கே ஜாகை மாறினார். வாசலில் மூட்டைகளை அவிழ்த்து, அவற்றைக் கட்டியிருந்த கொடிகளைத் தூக்கி எறிந்தார். மலையில் கயிறு தீர்ந்துபோனதால், மூட்டை தூக்கியவர்கள் பச்சைக் கொடியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"சீந்தில் கொடியாச்சே சார். இதச் சோதிச்சிப் பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போன வருடமே சோதித்துவிட்டேன். பூஜ்யம். மூட்டை கட்டத்தான் லாயக்கு."

சோதனை எப்படி என்பதையும் அவர் ஊருக்கே விளக்கினார். மூடி போட்ட கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி ஒன்று உறைந்திருக்கும். அது கிருமிக்குச் சாப்பாடு. அதன்மேல் சீழைத் தடவ வேண்டும். செடிச் சாற்றில் நனைத்த காகித வில்லையை நடுவில் வைக்க வேண்டும். தட்டை உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைத்தால் கிருமி பெருகித் தட்டு முழுக்கப் படரும். வில்லையைச் சுற்றிக் கிருமி செத்திருந்தால் வெற்று வட்டம் தெரியும். "வட்டம் விழுந்தால் மருந்து. விழாவிட்டால் குப்பை. அறிவியலில் மூன்றாவது சாதி கிடையாது" என்றார்.

உடம்புச் சூட்டுக்காக அவர் கொண்டுவந்திருந்த பெட்டி மின்சாரத்தில் ஓடுவது.

"மின்சாரம் இல்லையா? மின்கம்பியை அறுத்த மூடன் யார்?"

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். "போலீசுங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

பெரியநாயகியின் அடைக்கோழி மூலையில் கூடைக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டரின் பார்வை அதன்மேல் விழுந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துக் கோழிக்கு அடியில் செருகினார். கோழி அவர் மணிக்கட்டில் ஒரு கொத்துப் போட்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்த டாக்டர், "உங்க பொட்டியவிடக் கரெக்டா கீது சார்" என்றார்.

"ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி, கோழிக்கு அடியிலா?"

"கோழிக்கு ஒண்ணும் ஆட்சேபன இல்லன்னா சரி" என்றாள் பெரியநாயகி. "என் முட்டைக்கு ஒண்ணும் ஆவாம பாத்துக்கங்க. அவுரு காலுக்காவ ஒத்துக்கறேன்."

தட்டுகளின் விளிம்பில் கிருமி கசியாதபடி பிளாஸ்திரி சுற்றி ஒட்டினார்கள். பேராசிரியர் மண் தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு தட்டாகக் கோழிக்கு அடியில் தள்ளினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கொத்து வாங்கினார். முட்டைகள் ஓரத்துக்கு ஒதுங்கின. கோழி இறக்கையை விரித்து மொத்தத்தையும் மூடிக்கொண்டது. பாரபட்சம் தெரியாத பிராணி.

இதற்கிடையில் கொளஞ்சியப்பனின் காலைப் பார்க்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். காலை உயரத்தில் தூக்கி வைத்து, வாயைத் திறக்காமல் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. காலைத் தூக்கி வைத்தார். வாய்தான் கேட்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலையணையில் சாய்ந்தபடி ஒரு சொற்பொழிவு. லத்தி வரவர நீண்டது. கோடு, "அடக்குமுறை என் ஒடம்புல போட்ட எல்லக்கோடு" ஆயிற்று. காய்ச்சலில் கண் செருகும். யாராவது படியேறும் சத்தம் கேட்டால் திறந்துகொள்ளும்.

பெரியநாயகி பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் பேராசிரியர் எறிந்த கொடியைப் பொறுக்கினாள், நசுக்கினாள், சுண்டக் காய்ச்சினாள். அவள் மனசில் வைத்தியம் எதுவும் இல்லை. சீந்திலின் கசப்பு எப்படிப்பட்ட நாக்கையும் மடக்கிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அது போதும் அவளுக்கு.

"இன்னாடி இது?"

"டாக்டரம்மா குட்த்தது. குடி."

குடித்தார். முகம் கசக்கிப் போட்ட துண்டறிக்கை மாதிரி ஆயிற்று. வந்திருந்த கூட்டம் அன்று முதல்முறையாகச் சொற்பொழிவு இல்லாமல் திரும்பிப் போனது. மருந்து நன்றாக வேலை செய்கிறதென்று பெரியநாயகி வேளாவேளைக்குக் கொடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பேராசிரியர் தட்டுகளைத் திறந்தார். தலைவர் சிலையைத் திறப்பது மாதிரி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் திறந்தார். ஒரு தட்டிலும் வட்டம் இல்லை. ஊசி மருந்தில் நனைத்து வைத்த வில்லையைச் சுற்றியும் இல்லை. பந்தியில் இலையை ஒட்டி உட்கார்ந்த மாதிரி கிருமிகள் வில்லையை நெருங்கி உட்கார்ந்திருந்தன. ஒரு மாதக் காடு, அட்டைக்கடி, அத்தனை மூட்டையும் குப்பை. அவரே சொன்ன விதிப்படி குப்பை. பேராசிரியர் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் யாராவது சுண்டக் காய்ச்சிக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றும்படி பேச்சு நின்றுபோனது.

அன்று மத்தியானம் சிவப்பு கோட்டைத் தாண்டியது.

முதலில் பார்த்தவர் கொளஞ்சியப்பன்தான். பெரியநாயகி கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தாள். அவர் வீரமணியைப் பக்கத்தில் கூப்பிட்டார். கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பழந்துணி, ஒரு பேனா. பழைய கோடு போயிற்று. ஒரு சாண் மேலே புதுக் கோடு வந்தது. தொகுதி எல்லையை மாற்றுகிறவர்கள்கூட அதற்கு ஒரு கமிஷன் போடுவார்கள். இங்கே செயலாளரும் பொருளாளருமே தீர்மானம் போட்டு நிறைவேற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "கோட்டுக்குக் கீழதாங்க கீது" என்று வீரமணி வாசலிலேயே சொன்னார். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"நேத்து மச்சத்துக்குக் கீழ கோடு போட்டேன். இன்னிக்கு கோட்டுக்குக் கீழ மச்சம் கீது. மச்சம் நடந்து எறங்கிச்சா?"

கொளஞ்சியப்பன் போர்வையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார்.

"நான் போட்டது ஊதா. இது பச்சை. இந்த ஊர்ல பச்சை மையில கையெழுத்துப் போட்றவரு ஒருத்தர்தான்."

வீரமணி சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

டாக்டர் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "உங்களுக்குப் போட என்கிட்ட இதுக்கு மேல ஊசி கெடையாதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வயலிலிருந்து திரும்பிய பெரியநாயகி வாசற்படியில் சேற்றுக் காலோடு நின்று இதைக் கேட்டாள்.

"விழுப்புரம் பக்கம் நெசமாவே துப்பாக்கிக் குண்டு பட்டு செத்துக்கீறாங்க" என்றாள். "அவுங்க வூட்ல பொம்பளைங்க அழுதுக்கினு கீறாங்க. நீ கோடாலியப் போட்டுக்கினு லத்தின்ற. கம்பிய அறுத்துட்டு போலீசுன்ற. இப்ப கோட்ட அழிச்சிட்டு எறங்கிடுச்சின்ற. நாளைக்கு காலு போனா இன்னா சொல்லுவ? அதையும் போலீசு எடுத்துக்கினு போச்சின்னா? ஒத்தக் கால வெச்சிக்கினு நீ மேடையில நிப்ப. நான் வயல்ல இன்னாத்த வெச்சிக்கினு நிப்பேன்?"

கொளஞ்சியப்பன் தன் காலைப் பார்த்தார். பிறகு, "வுடியக்கால மரத்த எடுத்துடலாம்" என்றார். கைதட்டலுக்கு இடம் விடாமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

டாக்டர் விளக்கைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, காயத்தை மறுபடி திறந்து, செத்த சதையையெல்லாம் வெட்டி எடுத்துக் கழுவிக் கட்டினார். சிவப்பின் விளிம்பில் மறுபடியும் ஊதா மையில் கோடு போட்டார். "இதத் தொட்டவன் கைய எடுத்துடுவேன்" என்றார். பெரியநாயகி தன் பங்குக்கு ஒரு டம்ளர் கசப்பைக் கொடுத்தாள். ஊரைக் கூட்டி மறுபடி ஏதாவது பேசிவிடுவாரோ என்று பயம்.

விடியற்காலையில் தொண்டர்கள் ரம்பத்தோடு மரத்தடியில் காத்திருந்தார்கள். டாக்டர் போர்வையை விலக்கினார். சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. கட்டைப் பிரித்தார். சீழ் குறைந்திருந்தது. பச்சை மை எங்காவது தெரிகிறதா என்று காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை.

"மரத்த அறுத்து மட்டும் வைங்க, உருட்ட வேணாம். சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம்" என்று ஆள் அனுப்பிவிட்டுத் திரும்பினார். "இன்னா குடுத்தீங்க இவுருக்கு?"

"ஒண்ணும் குடுக்கலியே" என்றாள் பெரியநாயகி. "வாய மூட்றதுக்கு அந்த மூட்ட கட்டன கொடியக் காச்சிக் குடுத்தேன். ரெண்டு நாளா."

மூலையில் இருந்த பேராசிரியருக்கு உயிர் வந்தது. "சீந்திலா? நகைப்புக்குரியது! அது ஒரு கிருமியைக்கூடக் கொல்லாது. நானே தட்டில் பார்த்திருக்கிறேன். வட்டமே இல்லை!"

"இருங்க சார்" என்றார் டாக்டர். "ஒங்க தட்டுல இன்னாலாம் கீது?"

"கூழ், கிருமி, சாறு."

"இவுரு கீறாரா?"

"இவர் எதற்கு?"

"சார், ஒங்க தட்டு ஆளில்லாத ரோடு. அங்க போய் ஸ்பீக்கர் கட்டி 'தோழர்களே வாருங்கள்'னு கத்தினா யாரு வருவா? இவுரு ஒடம்புல ரத்தம் கீது. ரத்தத்துல கிருமியப் புடிச்சி முழுங்கற வெள்ளை அணு கீது. கொல்ற மருந்தத்தான் ஒங்க தட்டுக்குத் தெரியும். கொல்றவன எழுப்பி வுட்ற மருந்து அதுக்கு எப்பிடித் தெரியும்? ஊசிய ஏமாத்தக் கத்துக்கினு கீற கிருமிக்கு, இந்த ஆளுங்கள ஏமாத்தத் தெரியணும்னு இல்லியே."

கட்டிலில் கிடந்த கொளஞ்சியப்பன் முழங்கையை ஊன்றி எழுந்தார். "அப்ப தூங்கிக்கினு கீற நம்ம தொண்டருங்களத் தட்டி எழுப்பறது அந்தக் கொடி! வெளியாளு வந்து நமக்காவ சண்ட போட வேணாம். சங்கம் செய்யற வேலதான இது!"

"படுங்க" என்றார் டாக்டர்.

பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மூன்று சின்னப் புட்டிகள். மூன்றிலும் கொளஞ்சியப்பன் காலின் கிருமி. ஒன்றில் கொடிச்சாறு மட்டும். ஒன்றில் ரத்தம் மட்டும். மூன்றாவதில் ரத்தமும் சாறும். கொளஞ்சியப்பனின் ரத்தம் ஏற்கெனவே கசப்புக் குடித்து விழித்த ரத்தம். அதனால் சும்மா இருக்கிற ரத்தமாக ஒன்று தேவைப்பட்டது. டாக்டர் பேராசிரியரின் கையைப் பிடித்து ஊசியைச் செருகினார்.

வீரமணிக்கு ஒரு கவலை. "புரபசர் நம்ம ஆளுங்களா? அவுரு ரத்தம் நம்ம கிருமியோட சண்ட போடுமா?"

"வெள்ளை அணுவுக்குச் சாதிச் சான்றிதழ் கெடயாது. தாசில்தார் கையெழுத்தும் வேணாம்."

புட்டிகள் கோழிக்கு அடியில் போயின. சாயங்காலம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் தடவி, தட்டுகளையும் கோழிக்கே கொடுத்தார்கள். கோழிக்கு இப்போது பழகிவிட்டது. பேராசிரியரை மட்டும் வழக்கம்போலக் கொத்தியது.

விடிந்ததும் தட்டுகளைத் திறந்தபோது இந்த முறை ஊரைக் கூட்டவில்லை. வெறும் சாறு போட்ட தட்டில் கிருமி காடாக மண்டியிருந்தது. ரத்தம் போட்ட தட்டில் கொஞ்சம் குறைவு. ரத்தமும் சாறும் சேர்ந்த தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்; கூட்டம் கலைந்த பிறகு மைதானத்தில் நிற்கிறவர்கள் மாதிரி.

பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான் அப்போதே நினைத்தேன்" என்றார்.

டாக்டர் அதை விட்டுவிட்டார். "ஒரு கோழி, ஒரு காலு, ஒரு நாளு. இத வெச்சி மருந்துன்னு போர்டு மாட்ட முடியாது சார். பட்டணத்துக்குப் போய் ஒழுங்காப் பாருங்க. என் கத்திக்கும் இதுல பாதிப் பங்கு உண்டு, அதையும் எழுதுங்க" என்றார்.

சிவப்பு கணுக்காலுக்கு இறங்கியது. பிறகு பாதத்துக்கு. மறியல் வாரமும் முடிந்தது. மரத்தை ஏற்கெனவே அறுத்து வைத்திருந்ததால், சாலையை முதலில் திறந்த ஊர் வேலமரத்துப்பட்டு. "இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு" என்றார் கொளஞ்சியப்பன்.

பேராசிரியர் கிளம்பும் நாளில் புளியமரத்து அடிக்கட்டைக்குப் பக்கத்தில் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். ஒன்றியம் முழுக்க ஆள் வந்திருந்தது. கொளஞ்சியப்பன் கம்பை ஊன்றித் தன் இரண்டு காலில் மேடையேறினார். வீரமணி பழக்கதோஷத்தில் சிவப்பு-கறுப்பு அட்டையை நீட்டினார். முன்வரிசையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அட்டை பைக்குள் திரும்பிப் போனது.

பேராசிரியர் பேச எழுந்தார். ஊசிக்கு அடங்காத கிருமி, உறங்கும் அணுக்கள், உசுப்பும் கொடி என்று மணிக்கணக்கில் விளக்கினார். கடைசியில் நெகிழ்ந்துபோய், "அறிவியலில் ஒவ்வொரு விவரமும் துல்லியமாக இருக்க வேண்டும். ஆகவே என் கட்டுரையில் இவ்வாறு எழுதப் போகிறேன்: தன் கோடாலியால் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கு உதவிய பெருந்தகை கொளஞ்சியப்பனுக்கு நன்றி!" என்று முடித்தார்.

வேலமரத்துப்பட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்கள் மேடையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர், "லத்தின்னு சொன்னாங்களே?" என்று பக்கத்து ஆளைக் கேட்டது மைக் வரைக்கும் கேட்டது.

கொளஞ்சியப்பன் மைக்கைப் பிடித்தார். வழக்கம்போல அதைத் தட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். முன்னால் பெரியநாயகி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அவர் காலில் இருந்தது.

"கோடாலிதாங்க" என்றார். "நெசமா அடிபட்டவங்க, செத்தவங்க வேற ஊர்ல கீறாங்க. மால அவுங்க படத்துக்குப் போடுங்க. எனக்கு வேணாம். கால் கீது. போதும்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு கைதட்டல் எழுந்தது. உண்மையைச் சொன்னதற்கா, சீக்கிரம் முடித்ததற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத கைதட்டல். பெரியநாயகிக்கு மட்டும் சந்தேகமில்லை. மேடையேறுவதற்கு முன் ஒரு டம்ளர் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஒன்றியத்தில் மேடை மாத்திரை இல்லை. கூட்டத்தன்று பெரியநாயகி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கசப்பு வரும். வரவேற்புரையிலிருந்து நன்றியுரை வரை ஆளுக்கு முழு டம்ளர், பாதியெல்லாம் கிடையாது. சீந்தில் வெள்ளை அணுக்களை எந்த அளவுக்கு எழுப்புகிறது என்று பேராசிரியர் சென்னையில் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தார். பேச்சாளர்களை எந்த அளவுக்கு உட்கார வைக்கிறது என்பதில் வேலமரத்துப்பட்டு மக்களுக்கு மேற்கொண்டு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.